ஒரே வாரத்தில் இரண்டு விபத்துகள்: குறை பயிற்சியிலா, விமானத்திலா?

22 நவம்பர் 2025, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"போன வெள்ளிக்கிழமை திருப்போரூர் பக்கம் தாம்பரம் தளத்தின் பயிற்சி விமானம் விழுந்தது. நேற்று துபாய் விமானக் கண்காட்சியில் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் விழுந்து விமானி இறந்துவிட்டார். ரஷ்ய மிக்-21 போர் விமானத்தைத் திட்டியே 60 வருஷம் ஓட்டினோம். அதுவும் செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டது. இனி யாரைத் திட்டுவது? நம் விமானிகளுக்குப் பயிற்சி போதவில்லை என்றுதானே அர்த்தம்?"

22 நவம்பர், இரவு

இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டாதீர்கள். திருப்போரூரில் விழுந்தது பிலாட்டஸ் பிசி-7, புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கிற விமானம். விமானி எஜெக்ட் ஆகி, அதாவது இருக்கையோடு வெளியே பாய்ந்து, தப்பித்தார். துபாயில் நடந்தது கண்காட்சிப் பறத்தல். விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இமாச்சலத்துக்காரர், எங்கள் சூலூர் தளத்தில் பணியில் இருந்தவர். கண்காட்சியில் தாழப் பறந்து வித்தை காட்ட ஒருவரை அனுப்புகிறார்கள் என்றால் அவர் படைக்குள்ளேயே பொறுக்கி எடுத்த ஆள். பயிற்சி போதாதவரை அந்த வேலைக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள்.

காரணம் என்ன என்று இப்போதே சொல்கிற எல்லோரும் வீடியோவைப் பார்த்துச் சொல்கிறவர்கள். நான் சொல்லப் போவதில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் விமானி இல்லை. விமானப்படையில் மிக் ஸ்குவாட்ரன் ஒன்றில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து, சார்ஜெண்டாக வெளியே வந்தவன். காக்பிட்டுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொன்னால் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள். தரையில் நடப்பதைப் பற்றிச் சொன்னால் முழு விலைக்கு வாங்கலாம்.

23 நவம்பர்

அந்த "ஆயில் ஒழுகும் தேஜஸ்" வீடியோவை மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். விபத்துக்கு முன்பே அது சுற்றிக்கொண்டிருந்தது. விமானத்தின் குளிர்விக்கும் அமைப்பிலும் ஆக்சிஜன் தயாரிக்கும் அமைப்பிலும் சேர்ந்த நீரை வெளியேற்றியதுதான் அது, வழக்கமான வேலை என்று அரசின் செய்திப் பிரிவு விபத்துக்கு முன்தினமே விளக்கம் சொல்லியிருந்தது. துபாய் கடலோர ஊர், காற்றில் ஈரம் அதிகம். வீட்டு ஏ.சி.யின் பின்பக்கம் சொட்டுவதைப் பார்த்து யாரும் கம்ப்ரசர் ஆயில் போச்சு என்று அலறுவதில்லையே. ஆயில் ஒழுகினால் உடம்பில் கறையாகப் படியும், தூசி ஒட்டும், விரலில் தொட்டு மோந்தால் தெரியும். அதைத் தொட்டுப் பார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

சரி, அதோடு அந்தப் பேச்சை விடுவோம்.

25 நவம்பர்

ஓசூர் நண்பர் "மிக்-21ல் 400 விமானிகள் செத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். இந்த எண் எங்கே பார்த்தாலும் இப்படியே குழம்பிக் கிடக்கிறது. 400 என்பது விமானங்களின் கணக்கு. 2012 மே மாதம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் சொன்னது இது: வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்துகளில் போயின, 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை. அவற்றில் இறந்த விமானிகள் 171 பேர். பொதுமக்கள் 39 பேர்.

அந்த 39ஐ யாரும் பேசுவதில்லை. வயலில் நின்றவர்கள், வீட்டுக்குள் இருந்தவர்கள். மிக்-21க்குப் பறக்கும் சவப்பெட்டி என்று பெயர் வைத்தவர்கள்கூடப் பெட்டிக்குள் இருந்தவரைத்தான் நினைத்தார்கள்.

25 நவம்பர், பிற்பகல்

காலையில் எண்ணோடு நிறுத்திவிட்டேன். கேள்வி பயிற்சியைப் பற்றியது, அதற்கு வருகிறேன்.

ஒரு பையன் போர் விமானி ஆவது படிப்படியாக நடக்கிற காரியம். முதலில் ஹைதராபாத் பக்கம் துண்டிகலில் சின்ன விமானம். அப்புறம் ஹகிம்பேட்டையில் கிரண் என்கிற ஜெட் பயிற்சி விமானம். அதற்கு அடுத்த படி நீண்ட காலம் இல்லவே இல்லை. கிரணின் வேகத்தில் பழகிய கை நேரே மிக்-21ன் குச்சியைப் பிடிக்கும். மிக்-21க்கு இறக்கை சின்னது, முக்கோணம். ஓடுபாதையை நெருங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். மெதுவாக வரலாம் என்று நினைத்தால் இறங்காது, விழும். காக்பிட்டிலிருந்து முன்னால் சரியாகத் தெரியாது. இருக்கிற எரிபொருளுக்கு வானத்தில் நின்று யோசிக்க நேரமும் கிடையாது. இருபத்தி மூன்று வயதுப் பையன் இதில் முதல்முறை தனியாக ஏறுவான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எங்களுக்கு வியர்க்கும்.

இடையில் ஒரு படி வேண்டும், நவீன ஜெட் பயிற்சி விமானம் ஒன்று வாங்குங்கள் என்று விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டேன் குழு சொன்னது 1982ல். அந்தப் படிக்காக ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004 மார்ச்சில். பீதரில் அது சேவைக்கு வந்தது 2008ல். நடுவில் எத்தனை அரசுகள், எத்தனை பாதுகாப்பு அமைச்சர்கள், எத்தனை விலைப் பேச்சுவார்த்தைகள். எல்லாக் கட்சியும் இதில் பங்காளிதான். அதனால் இங்கே கட்சிச் சண்டை போட வருகிறவர்கள் தயவுசெய்து வேறு திண்ணை பாருங்கள்.

2001 செப்டம்பரில் சூரத்கரில் ஃப்ளைட் லெஃப்டினன்ட் அபிஜித் காட்கில் இரவில் மிக்-21ல் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து இறந்தார். பழி மகன் மேல் விழுந்ததை ஏற்காமல் அவர் அம்மா கவிதா காட்கில் ஆண்டுக்கணக்கில் போராடினார். அப்போது மெஸ்ஸில் சிலர், அம்மா என்றால் அப்படித்தான் பேசுவார்கள் என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஆண்டு ஹாக் ஒப்பந்தம் இன்னும் மேசையில்தான் இருந்தது.

26 நவம்பர்

"அப்படியானால் தவறு விமானத்துடையது இல்லையா?" என்று கேட்கிறார்கள். பொறுங்கள், வருகிறேன்.

27 நவம்பர்

நேற்று ஒருவர், "தரையில் இருந்தவர்கள் யோக்கியமா?" என்று குத்தினார். நியாயமான குத்து. ஒன்று சொல்கிறேன்.

காலையில் விமானம் கிளம்பும் முன்பு வரிசையாக நின்று டார்மாக்கை, அதாவது விமானம் நிற்கிற, ஓடுகிற தரையை, குனிந்து பார்த்துக்கொண்டே நடப்போம். சின்னக் கல், ஆணி, வாஷர், பாக்குப் பொட்டலம், எது கிடந்தாலும் பொறுக்குவோம். இன்ஜின் உறிஞ்சும் வாயில் அது போனால் பிளேடு போச்சு. மாலையில் கருவிப் பெட்டியை எண்ணிச் சரிபார்ப்போம். ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தாலும் அன்றைக்கு வேலை செய்த எல்லா விமானமும் நிற்கும், கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஒருநாள் புதிதாக வந்த பையன் ஒருவன், பஞ்சாப்காரன், தானாக வந்து சொன்னான்: "சார், ஒரு ஸ்க்ரூடிரைவர் பிட் காணோம், கடைசியாக எந்த விமானத்தில் வைத்தேன் என்று நினைவில்லை." நாலு விமானங்களின் பேனல்களைத் திறந்தோம். மறுநாள் கிளம்ப வேண்டிய பறத்தல் ரத்து. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் அது கிடைத்தது, ஒரு ட்ராலியின் அடியில். கிடைத்ததும் எல்லோரும் சிரித்தோம். காலையில் அந்தப் பையனுக்குக் கூடுதல் டியூட்டி, விடுப்பும் ரத்து. பறத்தல் கெட்டுப்போனதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே, சொன்னவன் அவன்தானே.

அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் இடத்தில் எதுவும் தொலையவில்லை. புத்தகத்தில் எல்லாம் சுத்தம். எனக்கு அந்தச் சுத்தத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்று உள்ளே இருக்கிற பையன்கள் சொல்கிறார்கள். நல்லது. நான் பார்த்ததை நான் சொன்னேன். ஸ்குவாட்ரன் பெயர் கேட்டு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன்.

30 நவம்பர்

இப்போது அந்த 26ஆம் தேதிக் கேள்வி. விமானமா, பயிற்சியா?

இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டும். மேற்கு ஜெர்மனி 1960களில் அமெரிக்காவின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை வாங்கியது. மொத்தம் 916. விபத்துகளில் போனவை 292. இறந்த விமானிகள் 116 பேர். போரே நடக்கவில்லை. ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் "விதவையாக்கி".

விமானம் வேகமானது, இறக்கை கத்தி மாதிரி மெலிசு. உயரத்துக்கு விர்ரென்று ஏறி எதிரி விமானத்தை இடைமறிக்கப் பிறந்தது. ஜெர்மானியர்கள் அதில் பெட்டி பெட்டியாகக் கருவிகளை ஏற்றி, தாழப் பறந்து குண்டு போடவும் வைத்தார்கள். விமானிகள் பழகியது அமெரிக்காவின் அரிசோனாவில். அங்கே வருஷம் முழுக்க நீலவானம். ஊருக்குத் திரும்பினால் மேகம், மூடுபனி, மழை. தரையில் தேறிய மெக்கானிக்குகள் போதவில்லை, விமானங்களை நிறுத்தக் கொட்டகை போதவில்லை. எல்லாமே அவசரம்.

இந்த விமானத்தை அவசரப்பட்டு வாங்காதீர்கள், நம் ஆட்கள் இதற்கு இன்னும் தயாராக இல்லை என்று எரிக் ஹார்ட்மன் சொன்னார். யார் அவர்? இரண்டாம் உலகப் போரில் 352 விமானங்களை வீழ்த்தியவர், அந்தக் கணக்கில் உலகத்திலேயே முதலிடம். அவரையே வாயை மூடு என்றுதான் சொன்னார்கள். 1970ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

1966ல் யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப் ஜெர்மன் விமானப்படைத் தலைமைக்கு வந்தார். 1945ல் ஜெட் விமானம் எரிந்து முகமே வெந்துபோனவர் அவர். விபத்து என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பயிற்சியைக் கூட்டினார், பராமரிப்பை ஒழுங்கு செய்தார். பழைய இருக்கைகளை எடுத்துவிட்டு மார்ட்டின்-பேக்கர் இருக்கைகள் வைத்தார்கள். விபத்து குறைந்தது. விமானம் அதே விமானம்தான்.

1 டிசம்பர்

மதுரை நண்பர் ஸ்பெயினைச் சொல்லியிருக்கிறார். அருமையான உதாரணம், எனக்கு ஏன் தோன்றவில்லை! ஸ்பெயினிடம் 21 எஃப்-104கள் இருந்தன. 1972ல் திருப்பிக் கொடுக்கும்வரை ஒன்றுகூட விழவில்லை.

ஆனால் அவர் அதிலிருந்து "பார்த்தீர்களா, நல்ல விமானிகள் இருந்தால் விபத்தே இல்லை" என்று முடிக்கிறார். அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பானியர்கள் அந்த விமானத்தை அது பிறந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்: இடைமறிப்பு, பெரும்பாலும் நல்ல வானிலையில். குண்டு போட அனுப்பவில்லை. எண்ணிக்கையும் குறைவு.

இதை வைத்து யோசித்தால் 25ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு பாதிதான் இருக்கிறது என்று படுகிறது. மிக்-21ம் உயரத்தில் இடைமறிக்கப் பிறந்ததுதான். நாம் அதை அதற்கும் வைத்தோம், தரையைத் தாக்கவும் வைத்தோம், புதுப் பையன்கள் போர் விமானம் பழகவும் வைத்தோம். 1963ல் சேர்ந்ததை 2025 வரை வைத்தோம். அதற்கு மாற்றாகத் தேஜஸ் வரும், வரும் என்று சொல்லிச் சொல்லியே அதன் ஆயுளை நீட்டினோம். படி இல்லை என்பது ஒரு பிரச்சினை. படியே இல்லாத இடத்தில் படியாகவும் அதையே நிறுத்தினோம் என்பது அடுத்தது.

ஆக விமானமா, பயிற்சியா என்று என்னைக் கேட்டால், யார் எந்த வேலைக்கு அதை அனுப்பினார்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

3 டிசம்பர்

இல்லை, நான் மிக்-21ன் ரசிகன் இல்லை. அதன் இன்ஜினை வெயிலில் கழற்றி மாட்டியவன் யாரும் அதற்கு ரசிகனாக இருக்க முடியாது. சண்டிகரில் செப்டம்பர் 26 அன்று தண்ணீர் பீய்ச்சி வழியனுப்பியதை டி.வி.யில் பார்த்தேன். கண் கலங்கியதா என்று கேட்டார்கள். முழங்கை வலித்தது.

8 டிசம்பர்

இன்றோடு குன்னூர் விபத்து நடந்து நாலு வருஷம். அது போர் விமானம் இல்லை, மி-17 ஹெலிகாப்டர். சூலூரிலிருந்து கிளம்பி வெலிங்டன் போய்க்கொண்டிருந்தது. ஜெனரல் பிபின் ராவத்தும் இன்னும் பலரும் இறந்தார்கள். இந்த இழைக்கு அது ஏன் தேவை என்றால், நாடாளுமன்ற நிலைக்குழு 2024 டிசம்பரில் வைத்த அறிக்கை. 2017 முதல் 2022 வரை விமானப்படையில் 34 விபத்துகள். அவற்றில் 19க்குக் காரணம் பறக்கும் குழுவின் மனிதப் பிழை என்று போட்டிருக்கிறார்கள். குன்னூரும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

குன்னூரில் என்ன நடந்தது என்று விசாரணை சொன்னதைப் பாருங்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, மேகத்துக்குள் நுழைந்தார்கள், திசை மயங்கியது, நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது. நீலகிரிக்கு பஸ்ஸில் போனவர்களுக்குக்கூடத் தெரியும், ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் முன்னால் போகிற வண்டி தெரியாது.

திசை மயக்கம் என்பது பலவீனம் இல்லை, உடம்பின் அமைப்பு. காதுக்குள் இருக்கிற திரவம்தான் நமக்கு மேல் கீழ் சொல்கிறது. விமானம் மெதுவாகச் சாய்ந்துகொண்டே போனால் அந்தத் திரவம் அதற்குப் பழகிவிடும், நேராகத்தான் போகிறோம் என்று அடித்துச் சொல்லும். வெளியே பார்க்க அடிவானம் இருந்தால் கண் திருத்திக்கொள்ளும். மேகத்துக்குள் என்ன அடிவானம்? கருவியைப் பார்க்க வேண்டும், காது சொல்வதைப் பொய் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை பயிற்சியில்தான் வரும். பாலைவனத்தில் இரவில் இன்னும் மோசம் என்பார்கள். மேலே நட்சத்திரம், கீழே தூரத்தூர விளக்குகள், எது எது என்று தெரியாது.

ஆக 19ஐ மனிதப் பிழை என்று எழுதுவது பொய் இல்லை. அங்கேயே பேனாவை மூடி வைத்துவிடுவதில்தான் எனக்குச் சண்டை. அந்த வானிலையில் அந்தப் பயணத்தை யார் முடிவு செய்தார்கள், மலைப்பாதையில் வானிலைத் தகவல் எப்படி வந்தது, கருவிகள் எப்படிப்பட்டவை என்று அடுத்த பக்கம் எழுத வேண்டும். மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களின் பிழை, மேசைப் பிழை, என்று ஒரு கட்டம் அந்தப் பட்டியலில் கிடையாது.

9 டிசம்பர்

"விபத்துகள் கூடிக்கொண்டே போகின்றன" என்கிறவர்களுக்கு: இல்லை. பத்தாயிரம் பறக்கும் மணிக்கு விபத்து விகிதம் 2000-05ல் 0.93. 2020-24ல் 0.20. முன்பு ஊர்ப் பத்திரிகையில் நாலு வரியில் போன செய்தி இப்போது பத்து நிமிடத்தில் வீடியோவாகக் கைக்கு வந்துவிடுகிறது. அதனால் கூடினாற்போல் தெரிகிறது.

ஆனால் விகிதம் குறைந்தது என்று சொல்லி ஜாகுவார் போர் விமானத்தை மறைக்க முடியாது. இந்த 2025ல் மட்டும் மூன்று: மார்ச்சில் அம்பாலா பக்கம், ஏப்ரலில் ஜாம்நகர் பக்கம், ஜூலையில் ராஜஸ்தானின் சூருவில். சூருவில் இரண்டு பேரும் இறந்தார்கள். அதற்குப் புது இன்ஜின் போடும் திட்டம் வருஷக்கணக்கில் பேசி 2019ல் கைவிடப்பட்டது. திரும்பவும் மேசை.

10 டிசம்பர்

இழை இருண்டு போகிறது. கொஞ்சம் சிரிக்கலாம்.

மார்ட்டின்-பேக்கர் இருக்கையில் எஜெக்ட் ஆகி உயிர் பிழைத்தவர்களுக்கு அந்த கம்பெனி ஒரு டை கொடுக்கிறது. கடையில் வாங்க முடியாத டை. மிக்-21ல் குதித்தவர்களுக்குக் கிடையாது, அது ரஷ்ய இருக்கை. பிசி-7ல் இருப்பது மார்ட்டின்-பேக்கர்தான், அதனால் திருப்போரூர் விமானி டைக்குத் தகுதியானவர். முதுகெலும்பு அமுங்கி நாலு மாதம் படுத்த பிறகு டை கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் ஃப்ளைட் கமாண்டர் ஒருவர் கேட்பார்.

இன்னொன்று. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் தென் கரோலினாவில் ஒரு விமானி எஃப்-35 போர் விமானத்திலிருந்து குதித்துவிட்டார். விமானம் குதிக்கவில்லை. அது பாட்டுக்கு 11 நிமிடம் தனியாகப் பறந்து போய்விட்டது. எங்கே என்று தெரியாமல், யாராவது பார்த்தால் சொல்லுங்கள் என்று தளத்திலிருந்து பொதுமக்களிடம் கேட்டார்கள். ஆடு தொலைந்தாலாவது தண்டோரா போடலாம். விமானி இறங்கியது ஒரு வீட்டுப் பின்கட்டில். அந்த வீட்டுக்காரர் அவசர எண்ணுக்கு அழைத்து, எங்கள் வீட்டில் ஒரு விமானி இருக்கிறார் என்று சொல்ல, எதிர்முனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சிரித்த பிறகு இதையும் கவனியுங்கள். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவர்கள் விசாரணை அறிக்கையை வெளியிட்டார்கள். மழை, மேகம், ஹெல்மெட் திரை விட்டு விட்டு அணைந்தது, விமானம் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று அவர் நினைத்தது, உண்மையில் அது பறக்கும் நிலையில்தான் இருந்தது, ஆனால் கையேட்டில் எழுதியிருந்தது அவர் முடிவுக்கு இடம் கொடுத்தது, எல்லாமே இருக்கிறது. பிழை விமானியுடையது என்று எழுதிவிட்டு, அந்தப் பிழைக்கு அவரை எது தள்ளியது என்றும் எழுதியிருக்கிறார்கள். இருந்தும் அவர் தலைமைப் பொறுப்பு போனது என்பது வேறு விஷயம்.

நம் ஊரில் விமானப்படையின் கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது உள்விசாரணை, அறிக்கை வெளியே வராது. ரகசியம் சில இருக்கும், சரி. ரேடார், ஆயுதம் பற்றிய பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுங்களேன். அது இல்லாததால்தான் நீங்களும் நானும் பதினெட்டு நாளாக இங்கே உட்கார்ந்து யூகித்துக்கொண்டிருக்கிறோம்.

13 டிசம்பர்

"பயிற்சி விமானமே பத்திரமாக இல்லையென்றால்?" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எச்பிடி-32 தீபக் என்று ஒன்று இருந்தது. கேடட் முதன்முதலில் ஏறுவது அதில்தான். நடுவானில் இன்ஜின் நின்றுபோகும் வழக்கம் அதற்கு உண்டு. இன்ஜின் நின்றால் செங்கல் மாதிரி இறங்கும் என்பது பயிற்றுநர்கள் பேச்சு. எஜெக்ட் இருக்கை கிடையாது. 17 விபத்துகளில் 19 பேர் இறந்த பிறகு, 2009ல் இரண்டு பயிற்றுநர்கள் ஒன்றாகப் போனதும்தான் அதை நிறுத்தினார்கள். பறக்கவே கற்றுக்கொள்ளாதவனை ஏற்றும் வண்டி அது!

நிறுத்தியதும் கையில் வேறு இல்லை. முதல் படிக்கும் கிரண், இரண்டாம் படிக்கும் கிரண். 2013ல் பிசி-7 வந்த பிறகுதான் மூச்சு வந்தது. கிரணுக்கு மாற்றாக உள்நாட்டில் செய்த சிதாரா முதலில் பறந்தது 2003ல். இன்னும் படையில் சேரவில்லை. அதற்கு இந்த வருஷம் யஷஸ் என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயர் மாற்றினால் ராசி வரும் என்று நம் ஊர் நியூமராலஜிக்காரர்கள்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிசி-7ல் நல்ல இருக்கை இருந்தும் 2023 டிசம்பரில் மேடக் மாவட்டம் தூப்ரான் பக்கம் பயிற்றுநரும் கேடட்டும் இறந்தார்கள். இருக்கை எல்லாவற்றையும் காப்பாற்றாது. எஜெக்ட் கைப்பிடியை இழுக்க நேரம் வேண்டும், உயரம் வேண்டும், இழுக்க வேண்டும் என்று தோன்ற வேண்டும்.

13 டிசம்பர், இரவு

இழுக்காமலே காப்பாற்றுகிற ஒன்றும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானத்தில், விமானம் தரையில் மோதப் போகிறது என்று கணினியே கண்டுபிடித்துத் தானாக மேலே இழுக்கும். 2016ல் அரிசோனாவில் பயிற்சியில் இருந்த ஒரு விமானி திருப்பத்தின் அழுத்தத்தில் மயங்கிவிட்டார், விமானம் தலைகுப்புறப் போகிறது, பயிற்றுநர் ரேடியோவில் கத்துகிறார், கணினி இழுத்து நிமிர்த்துகிறது, விமானி விழித்துக்கொள்கிறார். கணினியை நம்பக் கூடாது என்கிற என் பழைய புத்தி அந்த வீடியோவைப் பார்த்து வாயடைத்துப் போனது.

15 டிசம்பர்

தாம்பரம் சேலையூரில் இருக்கும் அம்மா ஒருவர் தலைக்கு மேல் பறப்பதைப் பற்றிக் கவலையாக எழுதியிருக்கிறார். அம்மா, உங்கள் கவலை வீண் கவலை இல்லை. ஜூலை 21 அன்று டாக்காவில் வங்கதேச விமானப்படையின் எஃப்-7 ஒன்று உத்தராவில் மைல்ஸ்டோன் பள்ளி மேல் விழுந்தது. எஃப்-7 என்பது மிக்-21ஐப் பார்த்து சீனா செய்தது. விமானியோடு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். முதல் தனிப் பறத்தல், இரண்டாம் தனிப் பறத்தல் எல்லாம் நகரத்தின் மேல் ஏன் என்று அங்கே இப்போதுதான் கேட்கிறார்கள்.

தாம்பரத்தில் பயிற்றுநர்களுக்கான பள்ளி 1954லிருந்து இருக்கிறது. அப்போது சுற்றிலும் ஏரியும் பனையும்தான். பள்ளி நகரவில்லை, ஊர் வந்து அதைச் சுற்றிக்கொண்டது. அங்கே பறப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே விமானிகள், கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்பது ஓர் ஆறுதல்.

குப்பையையும் சொல்ல வேண்டும். தளத்தைச் சுற்றி இறைச்சிக் கழிவு கொட்டினால் பருந்து வரும். 2019ல் அம்பாலாவில் ஒரு ஜாகுவார் கிளம்பியதும் பறவை மோதி ஒரு இன்ஜின் போனது. விமானி எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு இன்னொரு இன்ஜினில் இறக்கிவிட்டார். இரண்டு இன்ஜின் இருந்ததால் பிழைத்தார். தேஜஸுக்கும் பிசி-7க்கும் ஒன்றுதான். விமானப்படையைத் திட்டுவதற்கு முன்னால் நகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள்.

20 டிசம்பர்

கரூர் அண்ணன் தனிமடலில் கேட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். பையன் பிளஸ் டூ, என்.டி.ஏ. என்கிற தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதுகிறான், போர் விமானி ஆக வேண்டும் என்கிறான், இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் பயப்படுகிறார்கள், என்ன செய்ய?

அண்ணா, விடலாமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. ஆசையோடு போய் அளவில் திரும்பி வந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதை மட்டும் சொல்கிறேன். விமானி தேர்வுக்குக் கணினியில் ஒரு சோதனை உண்டு, கையும் கண்ணும் ஒத்துழைப்பதைப் பார்ப்பார்கள். அது வாழ்நாளில் ஒரே முறை. தோற்றால் விமானி ஆசைக்கு மறுபடி வாய்ப்பில்லை, அதனால் தூக்கமில்லாமல் ராத்திரி ரயிலில் போய் இறங்கிய கையோடு உட்கார வேண்டாம். அடுத்து உடல் அளவு. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 சென்டிமீட்டருக்குள், கால் நீளம் 99 முதல் 120க்குள். தொடை நீளம் 64க்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் இருக்கை வெடித்துக் கிளம்பும்போது முழங்கால் முன்பலகையில் இடிக்கும். பையன் உயரம் என்று சொன்னீர்கள், அதனால் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்பே சுவரோரம் உட்கார வைத்து டேப் போட்டு அளந்துவிடுங்கள். டெய்லர் டேப் வேண்டாம், அது நீண்டுபோயிருக்கும், இரும்பு டேப்.